மஸ்கட்டிலிருந்து பார்த்த வீடு

2023ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் நாள், வெள்ளிக்கிழமை. பாளையங்கோட்டையில் காலை முதல் தூறல். அவ்வூரில் வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருந்த மகுடபதி, மனைவியோடு மஸ்கட்டில் இருந்துகொண்டு கைப்பேசி வழியாகவே அதை ஆண்டுவந்தார். வீட்டைக் கவனித்துக்கொண்டு அதன் பின்னறையில் வசித்த இசக்கியம்மாள், வெள்ளிதோறும் கூடத்தைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். திரைச்சீலை மூடியிருந்தால் இருட்டு என்பார். திறந்திருந்தால் வெயிலில் சுவர் வெளுக்கும் என்பார். அன்றும் அப்படியே.

"இன்னொரு படம் அனுப்பு. அதுலயும் குறை இருந்தா நீ அறையைக் காலி பண்ணிரணும்."

எப்படி எடுத்தால் குறையிராது என்று அவளுக்கு விளங்கவில்லை. சற்று யோசித்து ஒரு படத்தை அனுப்பினாள். எதையும் பெரிதாக்கிப் பார்க்கும் பொறுமை அவருக்கு இல்லை, உடனே அழைத்தார்.

"என்ன கூடம் இது? சுவரெல்லாம் ஆணி. சோபா கோணல். முதுகைக் காட்டி உக்காந்திருக்காளே, அந்தப் பொம்பளைய இன்னைக்கே காலி பண்ணச் சொல்லு."

"சொல்லிருதேன் ஐயா. ஆனா ஒரே குழப்பமா இருக்கு. வீடுன்னா இப்படி இருக்கணும்னு சித்திரையில நீங்க அனுப்புன உங்க மஸ்கட் வீட்டுப் படம்லா இது? அம்மாகிட்ட நான் சொல்லவா, நீங்களே சொல்லுதீங்களா?"

மறுமுனையில் ஒரு பெண்குரல் கேட்டது. "யாரைங்க காலி பண்ணச் சொல்றீங்க?"

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அதன்பின் படம் கேட்கும் வழக்கம் நின்றது. இசக்கியம்மாள் அதே அறையில்தான் இருக்கிறாள். மாதம் ஒருமுறை மகுடபதியின் மனைவியே அவளை அழைத்து வீட்டைப்பற்றி விசாரிக்கிறார்.