சிங்கமுகக் கிண்ணமும் பொய் சொல்லாத சாட்சியும்

மாறங்குடி என்றொரு சின்ன ராஜ்ஜியம். அதை ஆண்ட திருமேனி பூபதிக்குப் பழம்பொருள் என்றால் உயிர். முன்னோரின் வாள், கிழிந்த கொடி, மூக்கு உடைந்த சிலை என்று கண்டதையும் சேர்த்து வைக்க ஓர் அரும்பொருட்கூடம் கட்டினார். அதற்குத் தலைவராக அகோரமூர்த்திப் பண்டிதரை அமர்த்தினார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

பண்டிதர் முதல் வேலையாக வாசலில் ஒரு பலகை மாட்டினார். பட்டு உடுத்தாதவர் உள்ளே வரக்கூடாது. கூட்டித் துடைப்பவர்கள் பின்வாசல் வழியாக வரவேண்டும், வாய் திறக்கக்கூடாது. ஊரில் எத்தனை வீட்டில் பட்டு இருக்கும்? ஆறு மாதத்தில் கூடத்தைப் பார்க்க வந்தவர்கள் ஏழு பேர். அதிலும் மூன்று பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

கூடத்தின் நடுவே ஒரு வெள்ளிக் கிண்ணம் இருந்தது. உள்ளங்கை அகலம். ஒரு பக்கம் நீண்ட மூக்கு, அதன் மேல் சிங்கமுகம். ‘பகைவர் இரத்தம் பருகிய வீரக்கலம். மூக்கில் இருப்பது வாள் வெட்டு’ என்று பண்டிதர் சீட்டு எழுதி வைத்திருந்தார். அரசருக்கு அதில் ஏகப் பெருமை. வாரத்துக்கு ஒரு தடவையாவது சபையில் அந்தப் பேச்சை எடுத்துவிடுவார்.

ஒருநாள் வெளியூர் மிராசுதார் ஒருவரிடம் பண்டிதர் இந்தக் கதையை அளந்துகொண்டிருந்தார். தரை துடைத்துக்கொண்டிருந்த முத்திருளாயிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“அது பச்சப்புள்ளைக்குப் பால் புகட்டுற பாலாடை, பண்டிதரய்யா!”

பண்டிதருக்கு ஆறு பிள்ளைகள். ஒன்றுக்காவது தன் கையால் பால் புகட்டியிருந்தால் அவருக்கும் தெரிந்திருக்கும். அவர் நேரே அரசரிடம் ஓடினார். “அரசே, உங்கள் முன்னோரின் வீரத்தை ஒரு வேலைக்காரி கேலி செய்துவிட்டாள்!”

முத்திருளாயியைச் சபைக்கு இழுத்து வந்தார்கள்.  அவள் சொன்னதை மாற்றவில்லை.

“இல்லாததை நான் சொல்லல, ராசா. இந்த வேலை போச்சுன்னா எங்க வீட்டுல அடுப்பு எரியாது.”

சபையில் இடும்பன் என்றொரு விகடன் இருந்தான். அரசரின் கோபத்தைக் கண்டு எல்லாரும் தலையைக் குனிந்தால் அவன் மட்டும் தலையைச் சொறிவான். “விசாரிக்காமல் வேலையை விட்டு நீக்கலாமா, மகாராஜா?” என்றான்.

“விசாரிக்கச் சாட்சி வேண்டும்” என்றார் பண்டிதர். “இவளுக்காக வருகிறவன் பொய்தானே சொல்வான்?”

அரசர் மீசையை முறுக்கினார். “சரி, இடும்பா. பிறந்தது முதல் ஒரு பொய்கூடச் சொல்லாத சாட்சியை அரும்பொருட்கூடத்துக்குக் கொண்டு வா. பலகையில் உள்ளபடி பட்டு உடுத்தி வரவேண்டும். நாளைப் பகலுக்குள் வராவிட்டால் அவளோடு நீயும் நடையைக் கட்டு!”

சபை சிரித்தது. பொய்யே சொல்லாத ஆளுக்கு, அதுவும் அரண்மனைப் பக்கத்தில், எங்கே போவது?

மறுநாள் கூடத்தின் வாசலில் ஊரே கூடிவிட்டது. இடும்பன் ஒரு கையில் பால் செம்பும் மறு கையில் பட்டு மூட்டையுமாக உள்ளே அரசர் முன் வந்தான். மூட்டைக்குள் அவனுடைய பேரன்.

“சாட்சி வந்திருக்கிறார், மகாராஜா. வயது ஐந்து மாதம். இதுவரை ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.”

அரசருக்கு மறுக்க வழியில்லை. குழந்தையின் தாய் கட்டியிருந்தது நூல்சேலை. காவலன் அவளை வாசலிலேயே நிறுத்திவிட்டான். அது பால் குடிக்கும் நேரம் வேறு. சாட்சி வீறிட்டு அழுதது.

“உஸ்!” என்றார் பண்டிதர். அழுகை இரண்டு மடங்காயிற்று. அரசர் தன் முத்துமாலையைக் கழற்றி ஆட்டிக் காட்டினார். குழந்தை மாலையைப் பிடுங்கிக்கொண்டு இன்னும் ஓங்கி அழுதது.

“இடும்பா, தாயைக் கூப்பிடு!”

“நூல்சேலை, மகாராஜா. பலகை இருக்கிறதே.”

“பலகையைக் கழற்றி எறி! யார் வேண்டுமானாலும் வாருங்கள்! இதை நிறுத்தினால் போதும்!”

முதலில் ஓடி வந்தவள் பின்வாசலில் நின்ற முத்திருளாயி. நேரே போய் வெள்ளிக் கிண்ணத்தை எடுத்தாள்.

“தொடாதே!” என்று அலறினார் பண்டிதர்.

“தினமும் தொட்டுத் துடைக்கிறவ நான்தானுங்களே?”

கிண்ணத்தைக் கழுவிப் பாலை ஊற்றினாள். குழந்தையை மடியில் கிடத்தி, கிண்ணத்தின் மூக்கை உதட்டில் வைத்துச் சாய்த்தாள். அழுகை நின்றது. குழந்தை மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

“வீரக்கலம்தான், மகாராஜா” என்றான் இடும்பன். “நம்மால் அடக்க முடியாத எதிரியை ஒரு நொடியில் அடக்கிவிட்டதே!”

அரசருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பண்டிதர் விடவில்லை. “அப்படியானால் மூக்கில் இருக்கும் வாள் வெட்டு?”

முத்திருளாயி தயங்கினாள். “வாள் இல்ல ராசா, பல்லு. எங்க ஆத்தாதான் உங்களுக்குச் செவிலியா இருந்துச்சு. கசாயம் ஊத்துறப்ப ஆத்திரத்துல கடிச்சீங்களாம். ஆத்தா சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்.”

அரசர் கிண்ணத்தை வாங்கி அந்தத் தடத்தை விரலால் தடவிப் பார்த்தார். “இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?”

“வாயைத் தொறக்கக்கூடாதுன்னுதான எழுதிப் போட்டிருக்கு?”

 அதற்குள் வாசலில் நின்ற ஊர் உள்ளே வந்துவிட்டது. ‘சித்திரவதைக் கருவி’ என்று எழுதியிருந்ததைப் பார்த்த ஒருத்தி, “அடியே, இது தேங்காய்த் துருவிடி!” என்றாள். கூடம் முழுக்கச் சிரிப்பு.

“இனி முத்திருளாயி முன்வாசல் வழியாக வரட்டும்” என்றார் அரசர். “அவளைப் போன்றவர்களைக் கேட்காமல் ஒரு சீட்டும் எழுதக்கூடாது. எழுதுங்கள், பண்டிதரே: ‘பாலாடை. பல்தடம் மன்னருடையது. சொன்னவர் முத்திருளாயி.’”

முத்திருளாயிக்கு எழுத்துத் தெரியாது. தன் பேர் எது என்று கேட்டு, அதை மட்டும் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“ஒரு வரி விட்டுப்போயிற்று, மகாராஜா” என்றான் இடும்பன்.

“என்ன?”

“கசாயம் கசந்தபோது கடித்தவர், உண்மை கசந்தபோது கடிக்கவில்லை.”

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். இடும்பனுக்குப் பரிசளிக்க முத்துமாலையைத் தேடினார். அது சாட்சியின் கையில் இருந்தது. எவ்வளவு இழுத்தும் சாட்சி விடவில்லை.