ஒன்பது மெத்தை உயரம்

முன்னொரு காலத்தில், புகழ்ச்சி கேட்டால் பூரித்துப் போகிற ஒரு ராஜா இருந்தார். அவர் சபையில் ஒரு விசித்திர வழக்கம். ராஜாவை ஒருவர் ஒரு முறை புகழ்ந்தால், அவர் இருக்கைக்கு அடியில் சேவகர்கள் ஒரு மெத்தையைச் செருகுவார்கள். பிரதானி நாகலிங்கர் அப்படியே ஐந்து மெத்தை ஏறியிருந்தார். விகடகவி குழைக்காதனுக்கு வெறும் தரைதான்.

ஒருநாள் சபைக்கு வந்த ஆங்கிலேய வியாபாரி, சாளரத்தின் வழியே ஒரு பருந்தைக் காட்டி, "ஸோர்" என்றான். "சிறகடிக்காமல் உயர உயரப் போவதற்கு எங்கள் பாஷையில் இதுதான் சொல். மிளகு விலை எக்கச்சக்கமாக ஏறினாலும் இதையே சொல்வோம். காற்றைக் குறிக்கும் ஒரு பழைய சொல்லிலிருந்து பிறந்தது."

ராஜாவுக்கு ஆசை வந்துவிட்டது. "அப்படி உயரும் மனிதனை நாம் பார்க்க வேண்டும்!"

நாகலிங்கர் இதற்குத்தானே காத்திருந்தார்! "பிரபு, குழைக்காதன் காட்டட்டும். கை கால் அசையாமல், காற்றாலேயே ஒருவனை உயர்த்தட்டும். சபை கலைவதற்குள் முடியாவிட்டால் நாட்டை விட்டே போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

குழைக்காதன் வீட்டை நினைத்துப் பயந்தான். பெண்சாதி நிறைமாதம். இந்த நேரத்தில் மூட்டை கட்டுவதா? நாகலிங்கரையும் அவருக்கு அடியிலிருந்த ஐந்து மெத்தைகளையும் ஏற இறங்கப் பார்த்தான். பயம் போன இடம் தெரியவில்லை.

"மகாராஜாவின் மீசை வெகு அழகு" என்றான். சேவகன் அவனுக்கு ஒரு மெத்தை கொண்டுவந்தான்.

நாகலிங்கருக்குப் பொறுக்குமா? "அதன் ஒரு ரோமத்துக்கு ஏழு தேசம் ஈடாகுமா, பிரபு!" ஆறாவது மெத்தை செருகப்பட்டது.

"மகாராஜாவின் தும்மலே கம்பீரம்."

"அதைக் கேட்டல்லவா சிங்கம் கர்ஜிக்கக் கற்றது!" ஏழு.

"மகாராஜாவின் குறட்டை..."

"சங்கீதம்! தேவலோகத்துச் சங்கீதம்!" என்று முந்திக்கொண்டு அலறினார் நாகலிங்கர். எட்டு. போதாதென்று ராஜாவின் ஏப்பத்தையும் புகழ்ந்தார். ஒன்பது.

இப்போது ராஜாவின் தலைக்கு மேலே நாகலிங்கரின் தலை இருந்தது. சபை வெலவெலத்துப் போனது.

"நாகலிங்கரே! யாரைக் கேட்டு நமக்கு மேலே ஏறினீர்?"

"நான் ஏறவில்லை, பிரபு! கை காலைக்கூட அசைக்கவில்லை!"

குழைக்காதன் கும்பிட்டான். "பிரதானியே சாட்சி, மகாராஜா. கை கால் அசையவில்லை. வாயிலிருந்து வந்த வெறும் காற்றுதான் அவரைத் தூக்கியது."

ராஜா அண்ணாந்து பார்த்தார். உதடு துடித்தது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி நீட்டினார். "இன்னும் என்ன வேண்டும், கேள்!"

"வீட்டில் பிள்ளை பிறக்கப்போகிறது, மகாராஜா. அந்த ஒன்பது மெத்தையையும் கொடுத்தால் போதும்."

சேவகர்கள் மெத்தைகளை ஒவ்வொன்றாக உருவ, நாகலிங்கர் தரைக்கு வந்து சேர்ந்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தவர், ராஜாவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.