கள்ளிமேட்டுக்கு யாரை அனுப்புவது?

காட்டாறு ஒன்று நடுவே ஓடும் ஒரு காட்டில், ஆற்றின் இக்கரையில் நாவல் தோப்பு ஒன்று இருந்தது. அந்தத் தோப்பில் விலங்குகளின் சபை பல வருடங்களாகக் கூடிவந்தது. ஞாயிறு தவறாமல் ஆராதனை நடக்கும். நத்தானியேல் என்ற கரடிதான் சபையின் மூப்பர். நல்லவர்தான். ஆனால் தம் சபையிலிருந்து ஒரு துரும்பு குறைந்தாலும் அவருக்குத் தூக்கம் வராது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த நேரத்தில் அக்கரையிலுள்ள கள்ளிமேட்டிலிருந்து தீத்து என்ற கீரி சொட்டச் சொட்ட நனைந்து வந்து சேர்ந்தார்.

"தோத்திரம் ஐயா."

"தோத்திரம், தீத்து. என்ன இந்தக் கோலம்?"

"ஆற்றில் தண்ணீர் ஏறிவிட்டது ஐயா. போன வாரம் எங்கள் கள்ளிமேட்டு முயல்கள் ஆராதனைக்கு வரும்போது நடு ஆற்றில் மாட்டிக்கொண்டன. இழுத்துக் கரைசேர்ப்பதற்குள் எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது. மேட்டிலேயே ஒரு சின்னச் சபை ஆரம்பிக்கலாம் என்று நினைக்கிறோம்."

"நல்ல காரியம்! நாங்கள் இருக்கும்போது என்ன கவலை? என்ன வேண்டும், கேளும்."

"மைனா சாரோனை ஆறு மாதத்துக்கு அனுப்பி வையுங்கள். எங்களில் யாருக்கும் பாடத் தெரியாது."

மூப்பரின் முகம் மாறியது. சாரோன் பாடினால் தோப்பே அசையாமல் கேட்கும். அவள் போய்விட்டால்?

"ஜெபம் பண்ணி முடிவு செய்வோம்" என்றார்.

அந்த வாரம் முழுவதும் அவர் ஜெபம் பண்ணியதைவிட யோசித்ததுதான் அதிகம். சபையில் கமாலியேல் என்று ஒரு கருங்குரங்கு. எதற்கெடுத்தாலும் தர்க்கம் பண்ணும். யோபு என்று ஒரு தேவாங்கு. பிரசங்கம் தொடங்கும் முன்பே குறட்டை விடும். மூலையில் எலி கடித்த பாய்கள் ஏழு கிடந்தன. தோல் கிழிந்த மேளம் ஒன்றும் இருந்தது.

அடுத்த ஞாயிறு மூப்பர் எழுந்து நின்றார். "கள்ளிமேட்டுப் புதுச் சபைக்கு இரண்டு ஊழியக்காரரையும், பாய்களையும், ஒரு மேளத்தையும் சந்தோஷமாய்க் கொடுக்கிறோம்" என்று அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். தீத்து பாய்களைச் சுருட்டிக்கொண்டார்.

மேட்டுக்குப் போன முதல் வாரமே, யார் முன்னால் உட்காருவது என்று கமாலியேல் முயல்களோடு சண்டை பிடித்தது. இரண்டாம் வாரம் முயல்கள் வரவில்லை. ஜெபத்தை ஆரம்பித்த யோபு பாதியிலேயே தூங்கிப்போனது. மூன்றாம் வாரம் வந்தது ஒரு முள்ளம்பன்றிக் குடும்பம் மட்டும்தான்.

நான்காம் வாரம், அந்தக் குடும்பத்துத் தலைவர் இறந்துபோனார்.

செய்தி கேட்டதும் மூப்பர் தாமே ஆற்றைக் கடந்து அடக்க ஆராதனைக்குப் போனார். அங்கே குழியை எந்தப் பக்கம் தோண்டுவது என்று கமாலியேல் வாதாடிக்கொண்டிருந்தது. யோபு ஒரு கள்ளிச் செடியின் நிழலில் சுருண்டு கிடந்தது. இறந்தவரின் மனைவி ரெபேக்காள் தன் பிள்ளைகளோடு ஓரமாக நின்றாள்.

மூப்பர் வேத வசனம் வாசித்து ஜெபம் செய்தார். பிறகு ரெபேக்காள் மெதுவாகக் கேட்டாள்.

"ஐயா, அவருக்காக ஒரு பாட்டு?"

மூப்பர் வாயைத் திறந்தார். முதல் அடி வந்தது. இரண்டாம் அடி வரவில்லை. இத்தனை வருடமாகச் சாரோன் பாட, அவர் கண்ணை மூடிக் கேட்டதோடு சரி. மறுபடியும் முதல் அடியையே பாடினார். அதோடு நின்றுபோனார். பாட்டு இல்லாமலே குழியை மூடினார்கள்.

திரும்பும்போது தீத்து ஆற்றங்கரை வரை கூடவே வந்தார்.

"தீத்து, எங்களால் ஆன உதவியைச் செய்தோம்..." என்று மூப்பர் இழுத்தார்.

"செய்தீர்கள் ஐயா. உங்களுக்கு உதவாததை எல்லாம் எங்களுக்கு உதவியாகக் கொடுத்தீர்கள்."

தீத்து கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது மூப்பரை அதிகமாகச் சுட்டது.

ஆற்றைக் கடந்ததும் அவர் நேராகச் சாரோனின் கூட்டுக்குப் போனார்.

"அம்மா, கள்ளிமேட்டுக்குப் போகிறாயா?"

"நானே கேட்க நினைத்தேன் ஐயா. நீங்கள் விடமாட்டீர்கள் என்றுதான் பேசாமல் இருந்தேன்."

மறுநாளே சாரோன் போனாள். அவளுக்குத் துணையாகப் பொறுமைசாலிகளான இரண்டு மான் குடும்பங்களும் போயின. தோப்பிலிருந்த நல்ல பாய்களை அவர்களிடம் கொடுத்தனுப்பினார் மூப்பர். கமாலியேலையும் யோபுவையும் திரும்ப அழைத்துக்கொண்டார். "நம் வீட்டுத் தலைவலியை நாமே வைத்துக்கொள்வோம்" என்றார். சாரோன் வந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டதும் மேட்டு முயல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. மாதம் முடிவதற்குள் அங்கே உட்கார இடம் போதவில்லை.

ஆனால் சாரோன் போன பிறகு வந்த முதல் ஞாயிறு நாவல் தோப்பில் எப்படி இருந்தது தெரியுமா, குழந்தைகளே? பாட்டு நேரம் வந்தது. யாரும் பாடவில்லை. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இதற்குத்தானே பயந்தோம் என்று மூப்பர் நினைத்தார். வேறு வழியில்லாமல் அவரே கரகரவென்று ஆரம்பித்தார். சுருதி எங்கேயோ போனது. கமாலியேல் சிரித்தது. இரண்டாம் அடியில் அவர் தடுமாறி நின்றார்.

அப்போது பின்வரிசையிலிருந்து அந்த இரண்டாம் அடி வந்தது. ஆழமான, நிதானமான குரல். பாடியது மார்த்தாள் என்ற காட்டெருமை. சபைக்கு வந்த நாளிலிருந்து வாயைத் திறக்காதவள்.

மூப்பர் அவளைத் திரும்பிப் பார்த்தார். மார்த்தாள் பதினொரு வருடமாக அந்த இடத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

நீதி: நமக்கு வேண்டாததைக் கொடுப்பது கழித்துக்கட்டுவது; நமக்கு வேண்டியதைக் கொடுப்பதுதான் உதவி.