இலையை மறைத்த கை

"இந்தாங்க, கோயில் சாவி, மணிக்கூண்டுச் சாவி, பீரோ சாவி. என்னை விட்டுருங்கம்மா."

உபதேசியார் யோபுதாஸ் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தார். வைத்தார் என்ன, போட்டார்.

போதகர் எஸ்தர் கனகம் நிமிர்ந்து பார்த்தார். சுற்றுவட்டாரத்துச் சபைகளுக்கெல்லாம் அவர் ஒருவர்தான் போதகர். அதனால் செம்மணல்விளை சபையை அன்றாடம் நடத்துவது உபதேசியார்தான். போதகர் வயதில் அவருக்கு மகள் மாதிரி. ஆனாலும் மனசு கலங்கினால் மனுஷன் சைக்கிளை மிதித்துக்கொண்டு வருவது இந்த அம்மாவிடம்தான்.

"என்ன ஆச்சு உபதேசியாரே?"

"வறண்டு போயிட்டேன். துக்க வீட்டுக்கு முதல் ஆளா ஓடுறேன். பரீட்சையில தோத்த பிள்ளையைத் தட்டிக்கொடுக்கிறேன். ஊருக்கெல்லாம் தைரியம் சொல்றேன். எனக்குச் சொல்ல யாரு இருக்கா? ஒரு நல்ல வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, எவன் வாயில இருந்தும் வரலையே! திருப்பூர்ல மச்சான் வாட்ச்மேன் வேலை பார்த்து வச்சிருக்கான். போயிடறேன்."

குரல் உடைந்துவிட்டது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

போதகர் சாவிக்கொத்தை அவர் பக்கம் திரும்பத் தள்ளினார்.

"ஞாயித்துக்கிழமை உங்க ஊருக்கு வர்றேன். பிரசங்கம் நீங்களே பண்ணுங்க. மத்தியானம் உங்க வீட்டுல சாப்பிட்டுட்டு சாவியை வாங்கிக்கிறேன்."

"என்ன குழம்பு வைக்கச் சொல்லட்டும்?"

"கோழி" என்றார் போதகர், யோசிக்காமலே.

ஞாயிறு ஆராதனையில் போதகர் பெண்கள் பக்கம், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, வாசலை ஒட்டிய கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டார்.

ஆராதனை முடிந்தது. வழக்கம்போல உபதேசியார் வாசலில் நின்றார். ஒவ்வொருவராக ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு வெளியே போனார்கள்.

சீயோன்மணி வந்தாள். புருஷனைப் பறிகொடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"உபதேசியாரே, அன்னைக்கு நீங்க வந்து ஜெபம் பண்ணிட்டுப் போனீங்கள்ல. அந்த ராத்திரிதான் நான் கண்ணை மூடித் தூங்கினேன். அதைச் சொல்லணும்னுதான்…"

"நான் யாரும்மா? வெறும் மண்ணு!" உபதேசியாரின் வலது கை வானத்தைக் காட்டியது. "எல்லாம் மேலே இருக்கிறவருக்கே."

சீயோன்மணி இன்னும் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். கை இறங்குகிறதாக இல்லை. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

ஆசாரி ஞானாபரணம் வந்தார்.

"இன்னைக்குப் பாட்டு அருமை, ஐயா. உடம்பு சிலிர்த்துப்போச்சு."

"தொண்டை கட்டிக்கிட்டு கழுதை மாதிரி கத்தினேன். அதைப் போய் பாட்டுங்கிறீரே!"

ஆசாரி தலையைச் சொறிந்துகொண்டு நகர்ந்தார்.

எல்லாரும் போன பிறகு உபதேசியார் போதகரிடம் வந்தார்.

"பார்த்தீங்களாம்மா? வந்தாங்க, போனாங்க. ஒரு நல்ல வார்த்தை உண்டா?"

"பசிக்குது. வீட்டுக்குப் போகலாம்" என்றார் போதகர்.

வீட்டில் கோழிக்குழம்பு வாசனை தெரு முனைக்கே வந்து வரவேற்றது. உபதேசியாரின் மனைவி சந்தோஷபாய் விடிந்ததிலிருந்து அடுப்படியைவிட்டு நகரவில்லை. இலை போட்டாயிற்று. ஜெபமும் ஆயிற்று. சந்தோஷபாய் சோற்றை அள்ளிக்கொண்டு குனிந்தாள்.

போதகர் இலைமேல் இடது கையை விரித்தார்.

"நான் யாரு? வெறும் மண்ணு."

சந்தோஷபாய் சிரித்தாள். போதகர் கேலி பண்ணுகிறார் என்று நினைத்தாள். சோற்றைப் பானையிலேயே திரும்பப் போட்டுவிட்டு கோழிக்குழம்பை எடுத்து வந்தாள்.

கை அப்படியே இருந்தது. வலது கை வானத்தைக் காட்டியது.

"எனக்கெதுக்கு? எல்லாம் மேலே இருக்கிறவருக்கே."

"ஒரு துண்டாவது…"

"மேலே இருக்கிறவருக்கே."

போதகரின் வயிறு அந்த நேரம் பார்த்து உரக்கக் கத்தியது. ஆனாலும் கை அசையவில்லை.

சந்தோஷபாய் குழம்புச் சட்டியோடு நின்றாள். முகம் சுண்டிப்போயிற்று.

"உப்பு கூடிப்போச்சோ? நான் ருசி பார்த்துத்தானே இறக்கினேன்…"

"என்னம்மா இது அநியாயம்!" உபதேசியார் எழுந்தே விட்டார். "ஆசையா ஆக்கி வச்சிருக்கா. நீங்க பாட்டுக்கு இலையை மூடிக்கிட்டா அவ எங்கே கொண்டுபோய்க் கொட்டுவா? அவ மூஞ்சியைப் பாருங்க!"

"நீங்க பாருங்க" என்றார் போதகர்.

உபதேசியார் பார்த்தார்.

இதே முகத்தைக் காலையில் கோயில் வாசலில் பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. அது செருப்பைத் தேடிக்கொண்டு நின்ற முகம்.

"ஐயையோ!" என்றார்.

வாசலுக்குப் பாய்ந்து சைக்கிளை எடுத்தார்.

"சாப்பிடாம எங்கே போறீங்க?" என்று கத்தினாள் சந்தோஷபாய்.

"அவரு சாப்பிடத்தான் போறாரு" என்றார் போதகர். இலையிலிருந்து கையை எடுத்தார். "அக்கா, சீக்கிரம் சோத்தைப் போட்டு ஊத்துங்க. உயிரே போகுது. அந்தக் காலு எனக்கு!"

சீயோன்மணி முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வேர்க்க விறுவிறுக்க வந்து நின்ற உபதேசியாரைப் பார்த்துப் பதறிப்போனாள்.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலம்மா. காலையில என்னமோ சொன்னீங்களே. அதை இன்னொரு தடவை சொல்லுங்க."

"ஏன், காதுல விழலையா?"

"விழுந்துச்சு… இருந்தாலும் சொல்லுங்க."

சீயோன்மணி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு ஈரத்துணியைக் கொடியில் போட்டுவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். அந்த ராத்திரியைச் சொன்னாள். தூங்கி எழுந்த காலையைச் சொன்னாள். வாசலில் சொல்லாமல் விட்டதையும் சொன்னாள்: அடுத்த நாள்தான் மறுபடி உலை வைத்தாளாம்.

"நீங்க வராட்டி நான் என்ன ஆகியிருப்பேனோ தெரியல, உபதேசியாரே."

உபதேசியாரின் வலது கை பழக்கத்தில் வானத்துக்குக் கிளம்பியது.

பாதி வழியில் இடது கை அதை எட்டிப் பிடித்துக்கொண்டது.

"ரொம்ப சந்தோஷம்மா" என்றார். சட்டைப் பையில் கிடந்த சாவிக்கொத்து குலுங்கும்படி அழுதார்.