மலை வண்டியின் இரண்டாவது பேட்டரி

மாசிலாமணி வண்டிச் சாவியைக் கொண்டுவந்து செங்கமலத்தம்மாவின் முன்னால் வைத்தார். இனிமேல் மலைக்கு வண்டி ஓட்டப்போவதில்லை என்றார்.

அம்மா அப்போதுதான் சாப்பிட்டுக் கையலம்பிவிட்டு உட்கார்ந்திருந்தாள். நாற்பத்து நான்கு வயது. அந்த மலையடிவார மடத்துக்கு அவள்தான் தலைவி. துறவு ஏற்குமுன் கணவனோடு லாரிப் பட்டறையில் வயரிங் வேலை பார்த்தவள். சீடர் மாசிலாமணிக்கோ அவளைவிடப் பத்தொன்பது வயது அதிகம். அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மடத்தில் லைசென்ஸ் உள்ள ஒரே ஆள். அவர் ஓட்டாவிட்டால் வியாழக்கிழமை மருந்து வண்டி மலை ஏறாது. அது இருவருக்குமே தெரியும்.

மூன்று மாதத்துக்கு முன் வண்டியில் மருந்துக்காக ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் வைத்தார்கள். அதற்கென்று இரண்டாவது பேட்டரி. ஓடும்போது அதை வண்டியின் பேட்டரியோடு சேர்த்தால்தான் சார்ஜ் ஏறும். என்ஜினை அணைத்ததும் பிரித்துவிட வேண்டும். இல்லையென்றால் ஃப்ரிட்ஜ் இரண்டையும் உறிஞ்சிவிடும். தானாகவே சேர்க்கவும் பிரிக்கவும் ரிலே ஒன்று போட்டுவிடலாம் என்று அம்மா சொன்னாள். மாசிலாமணி கேட்கவில்லை. சிவப்புப் பிடி வைத்த கைச் சுவிட்ச் ஒன்றை மாட்டி, "ரிலே எதுக்கும்மா, நான் இருக்கேனே" என்றார். முப்பது வருஷ சர்வீஸில் ஒரு நாள்கூட ஹேண்ட்பிரேக் போட மறக்காதவர். அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் தூக்கலாகவே உண்டு. அம்மாவும் விட்டுவிட்டாள்.

போன வாரம் அம்மா இல்லாமல் தனியாக ஏழு ஊர் சுற்றி முடித்தபோது மழை பிடித்துக்கொண்டதால் மேலேயே தங்கினார். வண்டியை நிறுத்தினார், சீட்டில் சாய்ந்தார், அப்படியே தூங்கிப்போனார். சுவிட்சை அணைக்க மறந்துவிட்டார். விடிந்ததும் பிரசவ வலியில் ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். சாவியைத் திருப்பினால் வண்டி முனகக்கூட இல்லை. தள்ளிப் பார்த்தும் பயனில்லை. கடைசியில் தூளி கட்டித் தோளில் சுமந்துகொண்டு இறங்கினார்கள். பாதி வழியில் ஒரு பலாமரத்தடியில் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தது யார் செய்த புண்ணியமோ. அந்தப் பாதை நெடுக மாசிலாமணி கூடவே நடந்தார். அவள் கதறியது இன்னும் அவர் காதை விட்டுப் போகவில்லை.

அதன்பிறகு விரலில் நூல் கட்டிக்கொண்டார். சும்மா நிற்கிற வண்டிக்குப் போய் நாலு தடவை சுவிட்சைத் தொட்டுப் பார்த்தார். காலையில் இரண்டு மணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்தார். மனசு அடங்குவேனா என்றது. ஆள் பாதியாகிவிட்டார்.

"மறக்காத மனசு எப்படிம்மா வரும்? அது வரட்டும். அப்புறம் ஓட்டறேன்."

அம்மா சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "ஸ்பேனரக் கொண்டாங்கண்ணா."

பானட்டைத் திறந்து, முதல் வேலையாகச் சிவப்புப் பிடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"அன்னிக்கு ஏன் மறந்தீங்க?"

"களைச்சுப் போயிட்டேம்மா."

"இது களைக்காத ஆளுக்கு மாட்டற சுவிட்சு." குனிந்தபடியே வயரைச் சீவினாள். "நீங்க மாட்டறப்பவே எனக்குத் தெரியும். அன்னிக்கு எனக்கும் அசதி. வாதாடத் தெம்பில்லாம விட்டுட்டேன்."

மாசிலாமணி டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தீப்பெட்டி அளவு ரிலே. அதை இரண்டு பேட்டரிக்கும் நடுவில் முடுக்கிவிட்டு, வண்டியைக் கிளப்பச் சொன்னாள். என்ஜின் ஓடத் தொடங்கியதும் டக்கென்று ஒரு சத்தம், சேர்த்துக்கொண்டது. அணைத்ததும் மறுபடி ஒரு டக், பிரித்துவிட்டது. ஃப்ரிட்ஜ் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மூன்று தடவை கிளப்பி அணைத்துப் பார்த்தார்கள்.

மாசிலாமணிக்குத் திருப்தி வரவில்லை. வண்டி பிழைத்துக்கொண்டது, நான் பிழைக்கவில்லையே என்று பட்டது. கீழே இறங்கி வந்தார்.

"மறக்காம இருக்கறது ரிலேதானேம்மா, நான் இல்லியே. உங்க மனசு மாதிரி எனக்கு வேணும்."

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. மலையில் இருநூறு பிள்ளைகள் பேரையும் அம்மா சொல்லுவாள். யாருக்கு எந்தக் காதில் சீழ், யார் வீட்டில் மாடு செத்தது, எல்லாம் சொல்லுவாள். தவத்தின் பலன் என்று மலைக்காரர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். மாசிலாமணி மனைவியின் நினைவு நாளை யாரிடமும் சொன்னதில்லை. எப்போதோ ஒரு தரம் பேச்சுவாக்கில் வாயிலிருந்து வந்திருக்கலாம். ஆனால் வருஷம் தவறாமல் அன்றைக்கு அம்மா வந்து அவர் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். ஞானதிருஷ்டி என்றே அவர் நம்பியிருந்தார்.

அம்மா கைக் கிரீசைத் துடைத்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த சின்ன நோட்டை எடுத்து நீட்டினாள்.

முனை மடங்கி அழுக்கேறிய நோட்டு. ஊர் ஊராகப் பேர்கள். காது, மாடு, எல்லாம் அதில் இருந்தன. அவருக்கு அந்த நோட்டு தெரியும். பின்சீட்டில் அம்மா தோத்திரம் படிக்கிறாள் என்று மூன்று வருஷமாக ஹாரன்கூட அடிக்காமல் ஓட்டியிருக்கிறார்.

"ஊர் வளைவு திரும்பறதுக்குள்ள ஒருதரம் பாத்துக்குவேன்" என்றாள்.

கடைசிப் பக்கத்தில் அவர் பேரும் இருந்தது. 'மாசிலாமணி அண்ணா. அண்ணி பேர் காந்திமதி. ஆவணி பதினெட்டு. அன்றைக்குச் சாப்பிட மாட்டார். போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும்.'

இரண்டு தடவை படித்தார். கண் கலங்கிவிட்டது. நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

"எழுதி வைக்கலேன்னா உங்களுக்கும் மறந்துடுமாம்மா?"

"களைச்சா மறந்துடும்ணா. தெனமும் களைச்சுப் போறேனே."

மாசிலாமணி வண்டியிலிருந்த சாவியை உருவித் தன் இடுப்பில் செருகிக்கொண்டார்.