தொடாத கயிறு

"பாவா, எனக்காக ஒரு வார்த்தை சொல்லணும்" என்றார் மீராசா.

பாவா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். மீராசாவைவிட ஆறு வயது இளையவர்; அவரை அண்ணன் முறையில் 'காக்கா' என்பார். ஆனாலும் பாவாவின் சொல்லுக்கு ஊரில் மதிப்பு உண்டு.

"யாருகிட்ட, காக்கா?"

"அசர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல்ல ஊர் ஜமாஅத்து கூடுது. என் இழுவைப் படகு இனிமே கடலுக்குப் போகக் கூடாதுங்கிறாங்க. இருபத்திரண்டு வருசத்துல நாப்பத்தொன்பது படகு இழுத்திருக்கேன், பாவா."

"நடந்ததைச் சொல்லுங்க."

நடந்தது நேற்று முன்தினம். இஸ்மாயிலின் மீன்படகு இன்ஜின் நின்று, பாறைத்திட்டை நோக்கி ஒதுங்கிக்கொண்டிருந்தது. அதில் ஐந்து பேர். மீராசா கிட்டப் போய்ச் சேர்ந்தபோது பாறைக்கு இன்னும் தூரம் இருந்தது.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. இழுக்கிறவர் கயிற்றில் இழுத்தால் கூலி. தத்தளிக்கிறவர் கயிற்றில் இழுத்தால் அது உதவி. கூலி கேட்கக் கூடாது.

"நான் மூணு தரம் கயிறு போட்டேன். ஒருத்தனும் தொடல."

"அவங்க?"

"நாலு தரம் போட்டாங்க. 'ஏன் காக்கா, என் கயிறு கடிக்குமா?'ன்னு இஸ்மாயில் கத்துறான். 'உன் கயித்துல ஆடு கட்டு, போ'ன்னேன் நான்."

"பிறகு?"

"படகு பாறையில மோதி உடைஞ்சு போச்சு. நாலு பேரைத் தூக்கிட்டேன். நூகுத்தம்பி மட்டும் கிடைக்கல."

மீராசாவே தொடர்ந்தார்.

"கடைசித் தரம் கயிறு போட்டது அவன்தான்."

பாவா அடுத்த கீரைக் கொத்தை எடுத்தார்.

"அவங்களுக்கும் வீம்புதானே, பாவா? தப்பு ரெண்டு பக்கமும்னு நீங்க சொன்னா ஜமாஅத்து கேட்கும்."

"அவன் போட்ட அந்தக் கயிறு கடலோட போயிடுச்சா?"

"இல்ல. என் படகுலதான் கிடக்கு."

"தொட மாட்டேன்னீங்களே. எப்ப எடுத்தீங்க?"

"படகு உடைஞ்சதும் என் பக்கமா மிதந்து வந்துச்சு. ஆளுங்களைத் தூக்குறதுக்கு முன்னாடி அதைத்தான் தூக்கி என் படகுல போட்டேன். இல்லேன்னா என் இன்ஜின் விசிறியில சுத்தி..."

மீராசா நிறுத்திக்கொண்டார்.

பாவா கீரைத் தட்டை ஓரமாக வைத்தார். கை கழுவினார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

"வாங்க காக்கா, நானும் வர்றேன். இப்ப எனக்குச் சொன்னதை அப்படியே அங்கேயும் சொல்லிடுங்க."

மீராசா எழுந்திருக்கவில்லை.