அசையாத இடம்

"இவ்வளவு வழவழப்பாக இருக்கிறது. பிறகு அந்த அம்மாவுக்கு எங்கே வலித்தது?"

கேட்டவர் உமாபதி, எலும்பு அறுவை மருத்துவர். ஜெசிந்தாவின் ஆய்வறை மேசைமேல் ஓர் உலோக இடுப்பு மூட்டைப் பிரித்து வைத்திருந்தார். தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டு, தண்டின் கழுத்தில் மாட்டும் உருண்டை, உருண்டை சுழல்வதற்கான பிளாஸ்டிக் கிண்ணம்.

உடலிலிருந்து எடுக்கப்பட்ட மூட்டுகளைப் பார்த்துத் தேய்மானம் சொல்வது ஜெசிந்தாவின் வேலை. உமாபதியைவிட இளையவர். அந்த வேலையைக் கற்றுக்கொள்ள உமாபதி சனிக்கிழமைகளில் வந்துகொண்டிருந்தார்.

ஜெசிந்தா பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டார். எப்போதும் அப்படித்தான்.

"இதை யார் கழுவியது?"

"நான்தான். ரத்தத்தோடு கொண்டுவர வேண்டாமென்று உள்ளும் புறமும் துடைத்தேன்."

"துணி கறுத்ததா?"

"கறுத்தது."

"எங்கே அது?"

மருத்துவக் கழிவோடு எரிக்கப் போய்விட்டது.

"பெண் பார்க்க வருகிறவர்களுக்கு ஜோடித்ததுபோல் கொண்டுவந்திருக்கிறீர்கள், டாக்டர். நான் பார்க்க வேண்டியதில் பாதி அந்தத் துணியில் இருந்தது."

உமாபதி சிரிக்க முயன்றார்.

மூட்டு மெஹருன்னிசாவுடையது. தையல் வேலை செய்கிறவர். இரண்டு இடுப்பிலும் ஒரே வகை மூட்டை, ஒரே ஆண்டில், உமாபதிதான் வைத்தார். வலப்பக்கம் வலிக்கிறது, மிஷினை மிதிக்க முடியவில்லை என்று அந்த அம்மா பல முறை வந்து சொன்னார். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. கடைசியில் தொடையிடுக்கு கட்டிபோல் வீங்கியது. சீழ் என்று நினைத்து உமாபதி திறந்தார். சாம்பல் நிறத்தில் நீர் வந்தது. அதில் கிருமி இல்லை. சுற்றியிருந்த சதை செத்திருந்தது. பிறகு மூட்டையே எடுக்க வேண்டியதாயிற்று.

இடது மூட்டு இன்னும் உள்ளே இருக்கிறது. அதையும் எடுப்பதா என்று திங்கட்கிழமை உமாபதி சொல்லியாக வேண்டும். இன்னோர் அறுவையை அந்த அம்மாவின் இதயம் தாங்காமல் போகலாம் என்று மயக்க மருந்து டாக்டர் எச்சரித்திருந்தார்.

ஜெசிந்தா, எங்கெல்லாம் தேடினீர்கள் என்று கேட்டார்.

உருண்டையின் மேற்பரப்பு, கிண்ணத்தின் உட்புறம், உராயும் இடம் எல்லாவற்றையும் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டதாக உமாபதி சொன்னார். உருண்டைமேல் நீளமாக ஒரு கீறல், அவ்வளவுதான்.

"அது நீங்கள் எடுக்கும்போது இடுக்கி பட்டது. உடம்புக்குள் விழுந்த கீறலாக இருந்தால் விளிம்பு மழுங்கியிருக்கும்."

"அப்படியானால் இது தேயவே இல்லை."

"அசைகிற இடத்தையே பார்க்கிறீர்கள். அசையாத இடத்தைப் பாருங்கள்."

"அசையாத இடம் எப்படித் தேயும்?"

ஜெசிந்தா உருண்டையைக் கவிழ்த்தார். அடியில், தண்டின் கழுத்து நுழையும் குழி. அதை நுண்ணோக்கியின் கீழ் வைத்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டார்.

உமாபதி உட்கார்ந்து குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

குழியின் சுவர் அம்மைத் தழும்புபோல் அரித்திருந்தது. தழும்புகளுக்கு நடுவே வரிவரியாகக் கோடுகள்.

"இந்தக் கோடுகள் உருண்டையில் கிடையாதே. கழுத்தில்தான் உண்டு."

"கழுத்திலிருந்துதான் வந்திருக்கின்றன. கொஞ்சம் கொஞ்சமாக அசைந்து அசைந்து பதிந்தவை."

"முடியாது. இரண்டும் இறுகியிருந்தன."

"யார் சொன்னது?"

"நான்தானே சுத்தியலால் அடித்து இறுக்கினேன்."

ஜெசிந்தா பதிவேட்டைத் திறந்தார்.

அரிப்புக்கு அந்த ஆய்வறையில் ஒன்றிலிருந்து நான்கு வரை மதிப்பெண் உண்டு; நான்குதான் மிக மோசம். என்ன போடுவீர்கள் என்று ஜெசிந்தா கேட்டார். உமாபதி மெதுவாக, நான்கு என்றார். நானும் நான்குதான் போட்டிருப்பேன், உதிர்ந்த உலோகத்தூள்தான் சதையைக் கொன்றிருக்கிறது என்றார் ஜெசிந்தா.

"அப்படியானால் இடது மூட்டு?"

"அதை நான் பார்க்கவில்லை."

"வலதை எடுப்பதற்கு முன்பு சோதித்ததில் ரத்தத்தில் உலோகம் கூடியிருந்தது."

"எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று ரத்தம் சொல்லாது, டாக்டர்."

உமாபதி தண்டையும் கிண்ணத்தையும் டப்பாவில் வைத்தார். உருண்டையைக் கடைசியாக வைத்தார். அதற்குள் குரலில் சற்றுத் தெம்பு வந்திருந்தது. இடதுபக்கம் வலி இல்லை என்று மெஹருன்னிசாவே சொல்வதாகச் சொன்னார். முன்பு லேசாக இருந்ததாம். இப்போது எத்தனை முறை கேட்டாலும் ஒன்றுமில்லை டாக்டர் என்று தலையை ஆட்டிவிடுகிறாராம். வலிக்காத மூட்டுக்காக ஓர் உயிரைப் பணயம் வைப்பானேன் என்று நினைப்பதாகச் சொன்னார்.

"எப்போதிலிருந்து வலி இல்லை?"

 டப்பாவை மூடிக்கொண்டிருந்த உமாபதியின் கை நின்றது.

"எல்லாம் உங்கள் மனதில்தான் இருக்கிறதென்று மனநல டாக்டரிடம் போகச் சொன்னேன்" என்றார். "மகனை வைத்துக்கொண்டே சொன்னேன். அன்றிலிருந்து."